எங்கள் உறுப்பினர் சபையை உலுக்கிய நாள்

ஆட்சி மாறிய அந்த வருடம் திருப்பூரில் எங்கு திரும்பினாலும் புரட்சி என்றுதான் பேச்சு. டீக்கடையில் ஓசி டீ கேட்பவனும் புரட்சி என்றான். எங்கள் பனியன் கம்பெனி வாசலில் மைக் பிடித்துத் தொண்டை கிழியக் கத்திய ஒருவரை நாங்கள் சட்டசபைக்கு அனுப்பினோம். "உங்க வாயா இருந்து நான் பேசறேனுங்க" என்று கும்பிட்டு ஓட்டு வாங்கியவர்.

அவர் ஜெயித்த சில மாதங்களில், என்னோடு வேலை செய்த அக்காவின் சேலைத் தலைப்பை மெஷின் பெல்ட் இழுத்துவிட்டது. அதோடு வலது கையும் போயிற்று. பெல்ட்டைச் சுற்றி ஒரு கம்பி வலை இருந்திருந்தால் கை பிழைத்திருக்கும். அந்நாளில் வலை போட்ட கம்பெனியை நான் பார்த்ததில்லை. உறுப்பினரிடம் போய்ச் சொன்னோம்.

"விடுங்க, சபையவே உலுக்கிப்போடறேன்" என்றார்.

உலுக்குவதைப் பார்க்க அக்காவின் புருஷனும் நானும் ரயிலேறி மெட்ராஸ் போய், பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தோம். அவர் எழுந்தார். கட்சித் தலைவரை இமயம் என்றார், கடல் என்றார், பிறகு தாய் என்றார். அடுக்குமொழி தீர்வதற்குள் மணி அடித்துவிட்டார்கள். மானியக் கோரிக்கையை ஆதரித்து அமர்ந்தார். கை என்ற பேச்சு ஒரே இடத்தில்தான் வந்தது. தலைவரின் கரத்தை வலுப்படுத்த வேண்டுமாம்.

வெளியே அவரைப் பிடித்தோம்.

"ஏனுங்க, அக்காவப் பத்திப் பேசவே இல்லீங்களே?" என்றேன்.

"தம்பி, உறுப்பினரோட கடமை என்னன்னு தெரியுமா? மேல சொன்னாக் கை தூக்கோணும். சின்னச் சங்கதியெல்லாம் மனுவாக் குடுங்க."

"தூக்கறதுக்கு எம்பட சம்சாரத்துக்குக் கை இல்லீங்களே" என்றார் அக்காவின் புருஷன். உறுப்பினர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஊர் திரும்பியதும் நாங்களே மெஷின்களை நிறுத்தினோம். வலை போடாமல் ஒருவரும் தொடுவதில்லை என்று வாசலில் உட்கார்ந்தோம். முதலாளி முதலில் போலீஸ் என்று மிரட்டினார். சரக்கு கேட்டு வெளியூர் வியாபாரிகள் நெருக்கவும், வெல்டிங்காரரைக் கூப்பிட்டார்.

வலை வந்த சேதி கேட்டு உறுப்பினர் காரில் வந்து இறங்கினார். போட்டோக்காரரையும் கூட்டி வந்திருந்தார். வலையைப் பார்க்க வந்திருந்த அக்காவைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள்.

"எனக்குப் பல்லடம் பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்று அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் அக்கா நடந்துவிட்டார்.

கழுத்தில் மாலையும் முகத்தில் சிரிப்புமாக, கம்பி வலையோடு தனியே நின்று அவர் படம் எடுத்துக்கொண்டார். அடுத்த தேர்தல் நோட்டீசில் அந்தப் படம்தான். ஜெயித்தும் தொலைத்தார்.