நான் பார்க்காமல் போட்ட கையெழுத்து

பிள்ளையாரை நம்புகிற உங்களிடம் சொல்ல எனக்கென்ன வெட்கம்? இரண்டாயிரத்து இரண்டில், நான் எதற்கும் லாயக்கில்லாதவன் என்றே முடிவுகட்டியிருந்தேன். ராணுவத்தில் தகவல் தொடர்புப் பிரிவு மேஜராக இருந்து ஓய்வு பெற்று, ஸ்ரீவராகத்து வீட்டுக்கு வந்து பத்து மாதம். கம்ப்யூட்டர் கம்பெனிகளில் தகவல் பாதுகாப்புக்கு ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள். ரகசியம் காப்பதுதானே என் தொழில், நமக்கில்லாத வேலையா என்ற திமிரோடு போனேன். ஐந்து இடத்தில் கைவிரித்துவிட்டார்கள்.

"மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தா ஆச்சா? பிள்ளையார்கிட்ட போய்ச் சொல்லுங்க" என்று மனைவி விரட்டினாள்.

வீட்டுக்குப் பக்கத்தில் கிழக்கேகோட்டைப் பிள்ளையார் கோயிலைப் பட்டாளத்துக்காரர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். நம்ம ஆள் என்ற உரிமையில் கெஞ்சினேன். "தடையை நீக்கு அப்பனே, நூற்றியொரு தேங்காய் விடலை போடுகிறேன்." தடை எதுவென்று எனக்கு உள்ளூரத் தெரியும். அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

ஆறாவது இன்டர்வியூ. நீங்கள் சமாளித்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள் என்றார்கள். தயாராக வைத்திருந்த கதையை எடுத்துவிட்டேன். எங்கள் யூனிட்டில் மாதம் ஒருமுறை பழைய சங்கேதத் தாள்களை எரிப்போம். ஒருவர் எரிக்க, இன்னொருவர் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருமுறை, எரியாத தாள் ஒன்று அலமாரிக்குப் பின்னால் கிடைத்தது. ஹவில்தார் செல்லத்துரையின் அஜாக்கிரதை. நான் கண்டுபிடித்து நடவடிக்கை எடுத்தேன். இதுதான் கதை.

எதிரே இருந்த மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மலையாளத்தில் கேட்டார். "ரெண்டாமத்தெ ஒப்பு ஆருடெயா, சார்?"

அந்த இரண்டாவது கையெழுத்து என்னுடையது. அன்று நான் டென்னிஸ் ஆடப் போய்விட்டேன். சாயங்காலம் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன். விசாரணையில், "நின்று எண்ணினேன், அவர்தான் ஒன்றை ஒளித்திருப்பார்" என்று வாய் கூசாமல் சொன்னேன். செல்லத்துரைக்கு வரவேண்டிய பதவி உயர்வு போயிற்று. பாவி நான், அதற்குப் பிறகும் அவருடைய சல்யூட்டை வாங்கிக்கொண்டிருந்தேன்.

பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் வெளியே வரவில்லை. "என்னுடையதுதான். நான் அங்கே நிற்கவே இல்லை" என்றேன். இந்த வேலையும் போயிற்று என்று எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் வள்ளியூருக்கு பஸ் ஏறினேன். செல்லத்துரை அங்கே டெலிபோன் பூத் வைத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். எனக்கு உடம்பே கூசிப்போயிற்று. எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"தெரியும் சார்" என்றார். "நான் எதையும் ஒளிக்கல. தாளு எப்படியோ நழுவி விழுந்திருக்கு. நீங்க பக்கத்துல நின்னிருந்தா, ஒண்ணு குறையுதேன்னு அப்பமே கேட்டிருப்பிய."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவரோ டீ வாங்கிக் கொடுத்தார்.

உண்மையை எழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன். சில மாதங்களில் அவர்மேல் இருந்த கரும்புள்ளி நீங்கியது. போன பதவி போனதுதான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

நான் எழுதி அனுப்பிய அதே வாரம் வேலைக்கான உத்தரவு வீடு தேடி வந்தது. சேர்ந்த அன்று மேடம் தமிழிலேயே சொன்னார்: "எல்லாரும் மத்தவங்க தப்பைத்தான் சொன்னாங்க, சார்." இப்போது ஆபீசில் எதையும் நேரில் பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. "இந்த சாருக்கு வேறே பணியில்லே" என்று இளசுகள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

வேண்டுதலை முடிக்கச் செல்லத்துரையையும் அழைத்தேன். வந்தார். தேங்காய்க் குவியலைப் பார்த்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். "நான் உடைக்கேன் சார். நீங்க நின்னு எண்ணுங்க."

நின்றேன். ஒவ்வொன்றாக எண்ணினேன். கண்ணை மறைத்த நீரைத் துடைத்துத் துடைத்து, நூற்றியொன்று வரை எண்ணினேன்.

நீங்களும் அந்தப் பிள்ளையாரிடம் போய்க் கேளுங்கள், கட்டாயம் கொடுப்பார். தடை எதுவென்று தெரிந்தால், அதை முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.