சொருகுற ஜீப்

டார்ச்சை அப்பா பிடித்தால் வெளிச்சம் வேலையில் விழாது. என் முகத்தில் விழும்.

"சுவத்துக்குக் காட்டுங்கப்பா."

"சுவத்துக்கு என்னா ஆகப்போவுது? கரண்ட் அடிச்சா ஒன் மொகத்துலதானே தெரியும்."

"மெயினை நிறுத்திட்டேன்."

"நிறுத்திட்டதா நெனச்சவங்கதான் எல்லாரும் போய்ச் சேர்ந்திருக்காங்க."

கண்டி மகியாவையில் எங்கள் வீட்டுக்குக் கீழே, வாகனம் நிறுத்தவென்று கட்டிய இருட்டறை அது. குடைப்பெட்டிகள் அடுக்கிக் கிடந்த அறையை அவர் அந்த வாரம்தான் காலி செய்திருந்தார். நான் மின்பொறியியலாளர், பல்லேகலையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தனி வயர், தனி பிரேக்கர், தனி எர்த் போட்டேன். முடிந்ததும் ப்ளக் பொயின்டின் மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். அதில் சொருக வேண்டிய வாகனம் இன்னும் இலங்கைக்கே வரவில்லை. நானும் அவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

அப்பாவின் பெயர் சேதுராமன். கண்டி நகரின் கொழும்பு வீதியில் கடை வைத்துக் குடையும் பயணப்பையும் விற்றார். குடையை அவர் விரித்துப் பார்க்காமல் யாரும் வாங்கிப் போக முடியாது. கம்பி ஒன்று சற்றுத் தளர்ந்திருந்தாலும் உள்ளே வைத்துவிடுவார். "குடை மடங்குச்சின்னா மழைய யாரும் திட்ட மாட்டாங்க. சேதுராமனத்தான் திட்டுவாங்க." வாகனம் ஓட்டத் தெரியாது. சைக்கிளும் தெரியாது. கேட்டால், "கண்டியில சைக்கிள் வாங்கினா பாதித் தூரம் அதை நாமதான் தூக்கணும்" என்பார்.

அப்படிப்பட்டவர் ஒரு ஜீப்புக்காகக் காத்திருந்தார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதன் பெயரைச் சொல்ல மாட்டார். "சொருகுற ஜீப்" என்பார். சுவரில் சொருகினால் கரண்டில் ஓடும். கரண்ட் தீர்ந்தால் பெற்றோலில் ஓடும். குடும்பமாக ஏறக்கூடிய உயரமான வண்டி.

காரணம் அம்மா. பாரிசவாதம் வந்து அம்மாவின் இடது கால் பலமிழந்தது. அதன்பின் என்ஜின் அதிர்ந்தாலோ பெற்றோல் வாடை வந்தாலோ தலை சுற்றி வாந்தி எடுப்பார். பேராதனை கிளினிக்குக்குப் போய்வருவதே பெரும்பாடு. அம்மாவின் ஒரே அக்கா புசல்லாவையில் இருக்கிறார், படுக்கையில். ஒரு முறை வான் பிடித்து அங்கே புறப்பட்டோம். கம்பளை தாண்டுவதற்குள் அம்மா என் மடியில் மயங்கிச் சரிந்தார். திரும்பிவிட்டோம். அதன் பிறகு அக்காவும் தங்கையும் போனில் மட்டும்தான்.

"நீ வர்றியா, நான் வரவா? யாரு காலு மொதல்ல சரியாவுதுன்னு பாப்போம்" என்பார் பெரியம்மா.

"ஒங்க காலு ரெண்டும் போச்சு. என்னது ஒண்ணுதான். நான்தான் ஜெயிப்பேன்" என்பார் அம்மா.

பக்கத்து வீட்டு மஹ்மூத் ஹாஜியாரிடம் சின்ன மின்சாரக் கார் ஒன்று உண்டு. ஒரு நாள் அதில் அம்மாவைக் கிளினிக்குக்கு ஏற்றிப் போனார். வழியெல்லாம் அம்மா தூங்கினார். வாந்தி இல்லை. ஆனால் கார் தாழ்வானது. இறக்க இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது. அப்பா அன்றே கேட்டுவிட்டார், "ஹாஜியார், இது புசல்லாவைக்குப் போகுமா?"

"டவுனுக்குள்ள ஓடும் அண்ணே. மலை ஏத்தினா பெட்டரி படுத்துக்கொள்ளும்."

அப்பா வீட்டுக்கு வந்து என்னை உட்கார வைத்தார். சத்தம் கூடாது. வாடை கூடாது. ஆசனம் உயரமாக இருக்க வேண்டும். வழியில் நிற்கக் கூடாது. நாட்டு நெருக்கடியின்போது ஓட்டோக்காரரோடு பெற்றோல் வரிசையிலும் நின்றவர், கரண்ட் இல்லாமலும் கிடந்தவர். இரண்டையும் அவர் தனித்தனியே நம்பவில்லை. "ஒண்ணு கைவிட்டா இன்னொண்ணு இழுக்கணும். அப்பிடி ஒரு வண்டி இருக்கா?"

இருக்கிறது என்றேன். வெளிநாட்டில் இருக்கிறது என்றேன். வாகன இறக்குமதித் தடை அப்போது நீங்கவில்லை.

"புசல்லாவைக்குப் போற வரைக்கும் கரண்ட் தாங்குமா?"

"அநேகமா தாங்கும்."

"அநேகத்துக்கு அப்புறம் என்ஜின் இருக்கில்ல. போதும்."

தடை நீங்கியதும் கட்டுகஸ்தோட்டை வீதியில் உள்ள வாகன விற்பனை நிலையத்துக்கு ஞாயிறுதோறும் போகத் தொடங்கினார். புது வேட்டி, நெற்றியில் விபூதி. "பொண்ணு பாக்கப் போறாரு" என்பார் அம்மா. ஒரு முறை நானும் போனேன். வேறொரு ஜீப்பின் பின்கதவைத் திறந்து, கைப்பிடியைப் பற்றி, இடது காலை இழுத்து இழுத்து ஏறினார். உட்கார்ந்து கண்ணை மூடினார். பிறகு அதே காலை முதலில் தொங்கவிட்டு, தரை தேடி, மெல்ல இறங்கினார். மறுபடி ஏறினார். நல்ல கால்கள் இரண்டும் உள்ள மனிதர் அம்மாவைப் போல நொண்டிக்கொண்டிருந்தார்.

விற்பனையாளர் திலக்ஷன் பார்த்துக்கொண்டே இருந்தார். "அங்கிளுக்குக் கால் சுகமில்லையா?"

"எனக்கில்ல தம்பி. வீட்ல."

"சாவி தரவா? ஓட்டிப் பாருங்களேன்."

"எனக்கு ஓட்டத் தெரியாது. மக ஓட்டுவா. நான் ஏறி எறங்கத்தான் வந்தேன்."

அப்பா காத்திருந்த ஜீப்பின் பெற்றோல் வகை வந்தது. பிறகு, சுவரில் சொருகாமல் என்ஜினே பெட்டரியை நிரப்பும் ஹைபிரிட் வகை வந்தது. சொருகும் வகை மட்டும் அடுத்த கப்பல், அடுத்த கப்பல் என்று தள்ளிப்போனது. பதிவு செய்து வைத்தார். காசு இருந்தது, வண்டிதான் இல்லை. "இதுவும் ஹைபிரிட்தானே அங்கிள், எடுங்களேன்" என்று திலக்ஷன் சொல்லிப் பார்த்தார். அப்பா அதில் ஒரு சுற்றுப் போய் வந்தார். மேட்டில் என்ஜின் எழுந்ததும் தன் வயிற்றில் கை வைத்துக்கொண்டார். "இது உறுமுது. அவளுக்கு ஒத்துக்காது."

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் வந்ததும் போன் எடுப்பார். "தம்பி, கப்பல் வந்திருச்சா?"

"கப்பல் வந்துச்சு அங்கிள். நம்ம ஜீப் வரல்ல."

"ஜீப்பா அது, தேரா?" என்று உள்ளிருந்து அம்மாவின் குரல் வரும். "தேருகூட வருசத்துக்கு ஒருக்கா வந்துரும்."

அப்பா சிரிக்க மாட்டார். "வரட்டும். ஒன்னைய சத்தமில்லாம ஏத்திட்டுப் போயி ஒங்க அக்கா வாசல்ல எறக்குறேன். எப்ப வந்தேன்னு அவங்களுக்கே தெரியாது."

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கடை ஷட்டரைப் பாதி தூக்கியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எதிர்க்கடைக்காரர்கள் ஓட்டோவில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் முடிந்துவிட்டது. எனக்குத் தகவல் வந்தபோது நான் ஒரு மோட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கழற்றிய ஆணிகளை வரிசையாக வைத்துவிட்டுத்தான் புறப்பட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

பெரியம்மாவால் சாவுக்கு வர முடியவில்லை. போனை அம்மாவின் காதில் வைத்துப் பிடித்தேன். அந்தப் பக்கம் அழுகை இல்லை. இந்தப் பக்கமும் இல்லை. நெடுநேரம் இருவரும் மூச்சுவிடுவதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் கை வலித்தது. மாற்றிப் பிடித்தேன்.

வெள்ளிக்கிழமை திலக்ஷனே அழைத்தார். "அங்கிள் இன்னைக்கு எடுக்கல்லயே அக்கா."

சொன்னேன்.

பிறகு கேட்டார், "பதிவ வச்சிருக்கவா, ரத்து பண்ணவா?"

"எப்ப வரும்?"

"தெரியாது அக்கா. பொய் சொல்ல மாட்டேன்."

அன்று மாலை அம்மா சுவரைப் பார்த்துப் படுத்தபடி சொன்னார். "பிரேமி, சொருகுற ஜீப்பு வேணாம். எது கெடைக்குதோ அதுல ஏத்து. வாந்தி வந்தா வரட்டும். அக்காவும் இப்பிடிப் போறதுக்கு முன்ன நான் ஒருக்கா மொகத்தப் பாத்துடணும்."

திலக்ஷனை மறுபடி அழைத்தேன். ஹைபிரிட் ஜீப் ஒன்றை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வாடகைக்கு எடுத்துத் தருவதாகச் சொன்னார். உறுமுவதுதான். பின்கதவு உயரம். அம்மாவை எப்படி ஏற்றுவது என்றுதான் தெரியவில்லை.

அந்த வாரமே வத்தேகமவிலிருந்து அழகர் போனில் பேசினார். அப்பாவின் கடைக்குக் குடை அடுக்கும் ராக்கை அடித்த மரவேலைக்காரர். செய்தி அவருக்குப் போயிருக்கவில்லை. "ஐயா வண்டியில ஏற ஒரு படி செய்யச் சொன்னாருங்க. வந்து பாக்குறேன்னவரு வரவே இல்ல."

நேரில் போய்ச் சொன்னேன். சீவிக்கொண்டிருந்த பலகையை அவர் கீழே வைத்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டார். பிறகு உள்ளே போய்ப் படியைக் கொண்டுவந்தார். பலா மரம். அகலமான மேற்பலகை, விளிம்பெல்லாம் உருட்டி இழைத்தது. கால்கள் நான்கும் ஒரு கதிரையின் கால்களைப் போல நீளமாக, வெட்டப்படாமல் நின்றன.

"வண்டி வந்துருச்சாம்மா?"

"இல்ல. வாடகைக்கு வேற ஒரு ஜீப்."

"அப்ப எந்த அளவுக்குக் காலை வெட்ட? வண்டி வந்ததும் அளந்துட்டு வந்து சொல்றேன்னாரு."

"வேற ஒண்ணும் சொல்லல்லயா?"

"வண்டி அளவு சொல்லல்லம்மா. ஒங்கம்மா காலை எவ்வளவு தூக்குவாங்கன்னு மட்டும் காட்டினாரு."

அழகர் குனிந்தார். மரத்தூள் கிடந்த தரைக்குச் சற்று மேலே உள்ளங்கையை விரித்துப் பிடித்தார். யோசித்தார். இன்னும் கொஞ்சம் தாழ்த்தினார்.

"இவ்வளவு. இதுக்கு மேல தூக்கினா வலிக்குதுன்னு சொல்ல மாட்டா, ஆனா வலிக்கும்னாரு."

நான் பையைத் திறந்து அளவுநாடாவைத் தேடினேன். அது கைக்கு வரும்வரை அவர் நிமிரவில்லை. கையை அசைக்கவும் இல்லை.