நாலாவது தாங்கி மருந்து

என் வயல் கொப்பியில் தை மாதச் செவ்வாய்க்கிழமை ஒன்றின் கீழ் இப்படி இருக்கிறது: “காலை 6.20 தொடக்கம் மருந்தடிப்பு. காற்றில்லை. மூன்று தாங்கி எங்களுடையது. நாலாவது, பக்கத்து வயல் மிச்சம்.” தாங்கி என்பது முதுகில் சுமந்து மருந்தடிக்கும் கலன். முதல் மூன்றுக்கும் எதிரே மருந்தின் பெயர் உண்டு. நாலாவதுக்கு இல்லை.

துணுக்காயில் ஒரே வாய்க்காலில் தண்ணி பாய்ச்சும் நாங்கள் எல்லோரும் ஒரே காலையில்தான் மருந்தடிப்போம். பிந்தி அடிப்பவரின் வயலுக்கு நெற்பயிரை உறிஞ்சும் அறக்கொட்டிப் பூச்சி வரம்பு தாண்டிப் போய்விடும். ஒருவருக்கு மிஞ்சிய மருந்தை அடுத்தவருக்குக் கொடுப்பதும் வழக்கம். அன்று பக்கத்து வயல்காரர் சோடாப் போத்தலில் கொண்டுவந்தார். “நல்ல சாமான் அண்ணை, மணத்துக்கே பூச்சி விழும்” என்றார். என்ன சாமான் என்று நான் கேட்கவில்லை.

அடித்தது என் மனைவியின் தம்பி. நடுவில் குழாய் முனை அடைத்தது. வாயை வைத்து ஊதினான்.

“ஊதாதை மச்சான், எத்தினைதரம் சொல்லுறது?”

“நீங்கள் கொப்பியில எழுதுங்கோ அத்தான். வேலை செய்யிறவனை விடுங்கோ.”

பத்து மணிபோல வரம்பில் குந்திவிட்டான். உடம்பெல்லாம் வேர்வை, வாயோரம் எச்சில். வெயில் என்று நினைத்து மனைவி உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணி கொடுத்தா. அவனால் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. கண்மணி கடுகளவாகச் சுருங்கியிருந்தது. ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம்.

“என்ன மருந்து?” என்று டொக்டர் கேட்டா. கொப்பியை நீட்டினேன்.

“மூண்டுக்குப் பேர் கிடக்கு. நாலாவது?”

பக்கத்து வயல்காரருக்குப் போன் எடுத்தேன். “ஆரோ தந்தது அண்ணை. பேர் எனக்கும் தெரியாது.” போத்தலையும் கழுவி எறிந்துவிட்டாராம். டொக்டர் காத்திருக்கவில்லை, அறிகுறிகளைப் பார்த்தே பூச்சிமருந்து நஞ்சுக்குக் கொடுக்கும் அற்றோப்பீன் ஏற்றத் தொடங்கினா.

பிறகுதான் தேடி வாசித்தேன். நரம்பு தசைக்குச் சேதி அனுப்ப அசற்றைல்கோலின் என்ற பொருளை விடுகிறது. அது தசையிலுள்ள வாங்கி என்னும் புரதத்தில் ஒட்டும். சேதி போனதும் ஒரு நொதியம் அதை உடைத்துவிடும். பழைய வகைப் பூச்சிமருந்துகள் அந்த நொதியத்தை முடக்குகின்றன. வாங்கிகள் ஓயாமல் தூண்டப்பட்டுக் கடைசியில் தசை சோர்ந்துபோகிறது. புதிய வகை ஒன்று, எங்கள் மூன்று தாங்கியிலும் இருந்தது, நேரே வாங்கியிலேயே ஒட்டுகிறது. பூச்சியில் இறுக்கமாக, மனிதரில் அவ்வளவாக இல்லை. நாலாவது பழைய வகையாகத்தான் இருந்திருக்கவேண்டும். வேர்வையும் எச்சிலும் அற்றோப்பீனுக்கு அடங்கும். தசையிலுள்ள வாங்கிகளுக்கு அது உதவாது. மூன்றாம் நாள் மச்சான் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் கிடந்தது ஏனென்று அப்போது விளங்கியது.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தான். மூன்று கிழமை கழித்து, நடக்கும்போது செருப்புக் கழன்றதே தெரியாமல் முற்றம் தாண்டிப் போனான். கிளினிக்கில், மருந்தால் நரம்பு பிந்திப் பழுதாவதும் உண்டு, அவனுக்கு ஏழு வருடமாக உள்ள நீரிழிவு என்னும் சீனி வருத்தமும் இதைச் செய்யும் என்றார்கள். நரம்புப் பரிசோதனைக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள்.

“சேத்துக்குள்ள கால் வைக்கலாமோ அத்தான்? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ” என்கிறான். அவனுடைய இரண்டு ஏக்கரையும் உழ வேறு ஆளில்லை.

டொக்டரிடம் கேட்க அதைக் கொப்பியில் பரிசோதனைத் திகதிக்குக் கீழே எழுதிவைத்தேன். பாதம் மரத்தது மருந்தாலா, சீனியாலா என்பது இதை எழுதும்வரை உறுதியாகவில்லை.