அண்ணனுக்கு ஒரு விலை, தங்கைக்கு ஒரு விலை

வீட்டைப் பார்த்து விலை சொல்வதை எங்களுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. தானாகப் பழகிவிட்டது. என் வீட்டுக்காரரும் நானும் சிறிய பெயிண்டிங் கம்பெனி ஒன்று நடத்துகிறோம். சுவரை அவர் பார்த்துக்கொள்வார், மனிதர்களை நான் பார்த்துக்கொள்வேன். போன் எடுப்பது, வீட்டுக்குப் போய் அளப்பது, விலை சொல்வது, சொன்ன விலைக்காக வாதாடுவது எல்லாம் என் வேலை. லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருக்கிற ஒற்றை அறைதான் அலுவலகம். ஆனால் அங்கே உட்கார்ந்ததைவிட, லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்து கொட்டேஷன் தட்டியதுதான் அதிகம்.

அடுக்குமாடி வீடு என்றால் ஒரு விலை. சொந்த நிலத்தில் தனியாக நிற்கிற தரைவீடு என்றால், அதே அளவு அறைக்கு இன்னொரு விலை. யாராவது கேட்டால் சொல்வதற்குக் காரணங்கள் இருந்தன. தரைவீட்டில் பளிங்குத் தரையை மூட வேண்டும், காரை நகர்த்தச் சொல்லிக் காத்திருக்க வேண்டும், நாயைக் கட்ட வேண்டும். அம்மா ஒரு நிறம் சொல்வார், இரண்டு அறை முடிந்த பிறகு ஐயா வந்து வேறொன்று சொல்வார். இதெல்லாம் உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. அவர்களால் கொடுக்க முடியும் என்பது எனக்குத் தெரியும், அதனால் கேட்டேன். அங்கே கூடுதலாக வந்ததை வைத்துத்தான் அடுக்குமாடியில் குறைத்துச் சொல்ல முடிந்தது. ஊழியர்களின் சம்பளம், அவர்களின் தங்குமிட வாடகை, பெயிண்ட் விலை என்று எல்லாமே ஏறிக்கொண்டிருந்த காலம். இதுவும் ஒரு நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டேன். சில நாள் அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அப்போதுதான் காத்தோங்கில் ஒரு வீடு வந்தது. இரண்டு மாடி, முன்னால் மாமரம். வீட்டின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற வழக்கறிஞர், எழுபதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர். மகள் திருமணத்துக்கு முன்னால் வீடு முழுவதும் பூசிவிட வேண்டும் என்றார். விலையைச் சொன்னேன். ஒரு முறை படித்துவிட்டு, "சரிம்மா, ஆரம்பிங்க" என்றார். பேரம் பேசாத ஆளைப் பார்த்தால் சந்தோஷப்பட வேண்டும். எனக்கு என்னவோ இன்னும் கொஞ்சம் கூட்டியிருக்கலாமோ என்றுதான் தோன்றியது. களைப்பு மனிதரை அப்படி ஆக்கிவிடுகிறது.

வேலை நன்றாக முடிந்தது. நாங்கள் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவர் வெளியே வந்து, "பாசிர் ரிஸ்ல என் தங்கச்சி இருக்கா. அவ வீட்டையும் பாத்துக் குடுங்க. உங்க நம்பரைக் குடுத்திருக்கேன்" என்றார்.

தங்கை ஓய்வுபெற்ற மருத்துவமனைத் தாதி. தனியாக ஒரு நாலறை அடுக்குமாடி வீட்டில் இருந்தார். குட்டையான, சுறுசுறுப்பான பெண்மணி. ஞாயிறு பூசை முடிந்து தேவாலயத்திலிருந்து நேராக வந்து எனக்குக் கதவைத் திறந்தார். சமையலறை மேற்கூரையில் ஈரக்கறை, கூடத்தில் பழைய மஞ்சள் நிறம் உதிர்ந்திருந்தது. அளந்துவிட்டு எங்கள் வழக்கமான அடுக்குமாடி விலையைச் சொன்னேன்.

"அண்ணனுக்குப் போட்ட அதே பெயிண்ட்தானே?"

"அதேதான் அக்கா. அதே ஆளுங்க, அதே ரெண்டு கோட்டிங்."

"அப்ப ஓகே லா."

மூன்று நாளில் முடித்தோம். பணத்தை உடனே அனுப்பிவிட்டார். ஊழியர்களுக்கு மதியச் சாப்பாடும் அவரே வாங்கிக் கொடுத்தார் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நல்ல வாடிக்கையாளர் என்று நினைத்து மறந்துவிட்டேன்.

சில வாரம் கழித்து, அண்ணன் மகள் திருமணமெல்லாம் முடிந்த பிறகு, தங்கையிடமிருந்து போன் வந்தது. நான் அலுவலகப் படியில் ஏறிக்கொண்டிருந்தேன்.

"அண்ணன் வீட்டுல மேல இருக்கிற கெஸ்ட் ரூம், என்னோட மாஸ்டர் ரூம் அளவுதான். அதுக்கு அவர்கிட்ட எவ்வளவு வாங்கினீங்க, என்கிட்ட எவ்வளவு வாங்கினீங்க?"

பாதிப் படியில் நின்றுவிட்டேன். அண்ணன் வீட்டில் கிடந்த பில்லைத் தன் பில்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். அண்ணனிடம் அதிகம் வாங்கிவிட்டேன் என்று சண்டை போடப்போகிறார் என்று நினைத்து, தரை, கார், நாய் என்று என் காரணங்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

"அவர் வீட்டுல நாயே இல்லம்மா" என்றார். "நான் அதைக் கேக்கல. எனக்கு ஏன் குறைச்சீங்க?"

இருபது வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. "அடுக்குமாடி வீட்டுக்கு நாங்க எப்பவும் அந்த ரேட்தான் அக்கா" என்றேன்.

"என்னைப் பாத்தா இல்லாதவ மாதிரி தெரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அன்று மாலை எங்கள் கணக்கில் அவரிடமிருந்து பணம் வந்து விழுந்தது. அண்ணன் அறைக்கான விலைக்கும் அவர் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை எல்லா அறைக்கும் போட்டு அனுப்பியிருந்தார். வீட்டுக்காரர் திருப்பி அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். மறுநாள் காலை மறுபடியும் வந்தது. மறுபடியும் அனுப்பினேன். மதியத்துக்குள் திரும்பி வந்துவிட்டது.

"நேர்ல போய்ப் பேசிட்டு வா" என்றார் வீட்டுக்காரர். "போன்ல இது முடியாது."

செம்பவாங்கில் ஒரு வேலையைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து தீவின் இன்னொரு கோடியில் இருக்கிற பாசிர் ரிஸுக்குப் போனேன். கால் இரண்டும் வீங்கியிருந்தன. தங்கை கோபமாக இல்லை. உட்காரச் சொல்லி, காப்பி கொண்டுவந்து வைத்தார். நாங்கள் பூசிய சுவரைப் பார்த்தபடி எதிரே உட்கார்ந்தார்.

"எங்கப்பா சின்ன வயசுலயே போயிட்டாரு" என்றார். "என்னைப் படிக்க வெச்சது அண்ணன். கல்யாணம் பண்ணி வெச்சது அண்ணன். அது சரியா வரல, பிரிஞ்சு வந்தப்ப இந்த வீட்டுக்கு முன்பணம் கட்டினதும் அண்ணன்தான். ஒரு வார்த்தை சொல்லிக் காட்டினதில்ல. அதுதாம்மா கஷ்டம். சொல்லிக் காட்டினா திரும்பச் சண்டையாவது போடலாம்."

நான் காப்பியைக் குடித்தேன். நிறைய இனிப்பு.

"அவர் எதுவும் குடுக்காம நானா செலவு பண்ணிச் செஞ்சது இந்த பெயிண்ட் வேலை. அப்படித்தான் நெனச்சிருந்தேன். இப்பப் பாத்தா, அவர்கிட்ட கூடுதலா வாங்கி எனக்குக் குறைச்சிருக்கீங்க. அப்ப இந்தச் சுவருக்கும் அவர்தானே குடுத்திருக்காரு?"

அப்படி நான் யோசித்ததே இல்லை. யாரோ பணக்காரர்கள், யாரோ இல்லாதவர்கள் என்று நினைத்துத்தான் இத்தனை வருடம் விலை போட்டிருக்கிறேன். இந்தப் பக்கம் எடுத்து அந்தப் பக்கம் வைத்தது ஒரே குடும்பத்துக்குள் போய் முடியும் என்று எப்படித் தெரியும்?

"அப்படின்னா அண்ணனோட ரேட்டைக் குறைச்சிடறேன் அக்கா. அவருக்குத் திருப்பிக் குடுத்துடறேன்" என்றேன்.

"அவர் வாங்க மாட்டாரு. நீங்க என் காசை வெச்சுக்கங்க. அது போதும் எனக்கு."

அவருடைய முகத்தைப் பார்த்தபோது இதற்கு மேல் மறுப்பது இன்னொரு அவமானம் என்று பட்டது. சரி என்றேன். வாசல்வரை வந்து, லிப்ட் கதவு மூடும்வரை நின்றார். கீழே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேருந்துகளைப் போகவிட்டேன். எழுந்திருக்க உடம்பு கேட்கவில்லை.

பிரச்சினை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் அண்ணன் கூப்பிட்டார். அந்த மனிதர் குரலை உயர்த்தி அதுவரை நான் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"என் தங்கச்சிகிட்ட கூடுதலா வாங்கினீங்களாமே?"

"அவங்களே அனுப்பிட்டாங்க சார். நான் ரெண்டு தடவை திருப்பி அனுப்பினேன்."

"மூணாவது தடவையும் அனுப்பியிருக்கணும்மா. என்கிட்ட நீங்க அதிகமா வாங்குறீங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். வேற ரெண்டு இடத்துல விசாரிச்சிட்டுத்தான் உங்களுக்குச் சரின்னு சொன்னேன். அடுக்குமாடி வீட்டுக்கு நீங்க குறைச்சுச் செய்வீங்கன்னு கேள்விப்பட்டுத்தான் அவளுக்கு உங்க நம்பரையே குடுத்தேன்."

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நான் நேரா குடுத்தா அவ வாங்க மாட்டா. இப்படியாவது போகட்டும்னு நெனச்சேன்" என்றார். "சரி, விடுங்க. நீங்க என்ன பண்ணுவீங்க."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைச் சாய்த்துவிட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது, அவர் ரோலரைக் கழுவிக்கொண்டே, "நம்ம வேலை சுவரு. மத்ததெல்லாம் நமக்கு எதுக்கு" என்றார். அவருக்கு அப்படிச் சொல்ல முடிகிறது. விலை சொல்வது நான்தானே.

அதன் பிறகு இருவருமே எங்களைக் கூப்பிடவில்லை. கோபம் என்று சொல்ல மாட்டேன். எங்களைப் பார்த்தால் அவர்களுக்கு ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரிந்துபோனது ஞாபகம் வரும், அவ்வளவுதான்.

எல்லோருக்கும் ஒரே விலை என்று கொஞ்ச நாள் வைத்துப் பார்த்தோம். தரைவீட்டுக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். அடுக்குமாடியிலிருந்து வரும் அழைப்புகள் பாதியாகக் குறைந்தன. ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. இப்போது பழையபடி இரண்டு விலைதான். ஆனால் தரைவீட்டில், "உங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாத்தான் போட்டிருக்கேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் வேறு ஆளைத் தேடிப் போகிறார்கள். போனால் போகட்டும் என்று விடுகிற அளவுக்கு வசதி வந்துவிடவில்லை, ஆனால் நாயையும் பளிங்கையும் சொல்லி வாதாடத் தெம்பில்லை.

குறைப்பதுதான் இப்போது கஷ்டமாக இருக்கிறது. போன வாரம் செம்பவாங்கில், கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் வீட்டுக்குப் போனேன். மனைவிக்கு உடம்பு சரியில்லை, கூடத்திலேயே கட்டில் போட்டிருந்தார்கள். விலையைச் சொல்ல வாயெடுத்து நிறுத்தி, "குறைச்சுப் போடட்டுமாண்ணே?" என்று கேட்டேன். அவர் குனிந்து கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்தார். கட்டிலில் இருந்த மனைவிதான், "போடுங்கம்மா, அவர் கேக்க மாட்டாரு" என்றார்.

குறைத்துப் போட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். வேலை திங்கட்கிழமை தொடங்குகிறது.