புத்தகத்தில் மலை இல்லை

"மொதல்ல ஸ்டோர் ரூம் சாவி. ரெண்டாவது, பொகபோக்கிக்குத் தகரத் தொப்பி. மூணாவது, ஞாயித்துக்கெழமை கோயிலுக்குப் போக ரெண்டு மணி நேரம். நாலாவது, பட்லரு கேக்காம உள்ள காலு வைக்கப்படாது."

காய்ந்த அவரைக்கொட்டையைப் பொறுக்கும்போதெல்லாம் யூனிஸ் இப்படித்தான் ஒரு கையை முறத்தில் விட்டு, மறு கையை நீட்டி விரல் விரலாக எண்ணுவாள். பெல்லமி துரையின் பங்களாவில் பதினோரு வருஷத்தில் அவள் வென்றவை இவை. சுண்டுவிரலில் தொடங்கி நான்கோடு நிறுத்துவாள். கட்டைவிரலை மட்டும் எண்ணாமல் அண்ணன் ஜஸ்டஸின் பக்கம் நீட்டுவாள். அதைச் சொல்ல வேண்டியது அவர்.

ஜஸ்டஸ் நீலகிரியில் அரவேணுவுக்குக் கீழே துரையின் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் தபால் பதிவு எழுதுகிறவர். மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. வருகிற கடிதத்துக்கும் போகிற கடிதத்துக்கும் தேதி போட்டுப் போட்டு, எதற்கும் தேதி இல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. தங்கையின் வெற்றிகளுக்கென்று தனி நோட்டு வைத்திருக்கிறார். தகரத் தொப்பிக்கு நான்கு மழைக்காலம் பிடித்தது என்பது அதில் இருக்கிறது. சுற்றுவட்டாரப் பங்களாக்களில் அடுப்படி ஆண்களுடையது, பெண்ணுக்கு ஆயா வேலைதான். ஆயாவாகப் போன யூனிஸ், சமையல்காரன் காய்ச்சலில் கிடந்த நான்கு நாளில் கரண்டியைப் பிடித்தாள். ஐந்தாம் நாள் அவன் எழுந்து வந்து கேட்டபோது, "இன்னும் ரெண்டு நாளு படுங்க, மூஞ்சியே சரியில்ல" என்று திருப்பி அனுப்பினாள். அவன் முகம் இன்றுவரை அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

1936ஆம் வருஷம் பிப்ரவரியில் துரைசாணி சென்னைக்குப் போய் ஒரு சொற்பொழிவு கேட்டுவிட்டு வந்தார். போகும்போது வான்கோழி தின்றவர், வரும்போது எல்லா உயிர்கள் மேலும் அன்பு கொண்டிருந்தார். அந்த அன்பு அவர் கழுத்தில் சுற்றியிருந்த நரித்தோலைத் தொடாமல், நேராகச் சாப்பாட்டு மேசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. பங்களாவில் இனிக் கறி கிடையாது, மீன் கிடையாது என்றார். துரை சரியென்று தலையாட்டினார். அந்த வாரத்திலிருந்து குன்னூர் கிளப்பில் அவருக்குக் கூட்டம் அதிகமாகிவிட்டது. கூட்டம் முடிந்து வரும்போது மீசையில் ஆட்டுக் கொழுப்பு மினுங்கும்.

மரக்கறி சமைக்க யூனிஸுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் துரைசாணிக்கு அது புத்தகத்தில் இருக்க வேண்டும். லண்டனுக்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று என்று எழுதி வரவழைத்தார். கோத்தகிரியில் சர்ச் ஏலத்தில் பழையது ஒன்று கிடைத்தது. மூன்றையும் மேசைமேல் அடுக்கி வைத்துச் சட்டம் சொன்னார். எதில் உள்ள சாமான்கள் இங்கே சுலபமாகக் கிடைக்கின்றனவோ அதுதான் இந்த வீட்டுப் புத்தகம். அதைப் பார்த்துச் சமைக்கிறவர்தான் இந்த வீட்டுச் சமையல்காரர். பெங்களூரில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த ஒருவன் தயாராக இருக்கிறான். புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையை மட்டும் யூனிஸ் செய்யலாம்.

யூனிஸுக்குத் தமிழே படிக்கத் தெரியாது. ஜஸ்டஸ் பல வருஷமாகப் பலகையும் குச்சியுமாகப் பின்னால் அலைந்தவர்.

"பேரையாவது எழுதப் பழகிக்க அம்மிணி. மூணே எழுத்து."

"கட்டைவெரலு எங்கூடவே இருக்குதுங்கண்ணா. எழுத்து மறந்து போவும். வெரலை எங்காச்சும் மறந்து வெச்சுட்டு வந்துருவனா?"

அப்படிச் சொன்னவள், இந்தப் புத்தக விவகாரம் தொடங்கிய நாளிலிருந்து, அண்ணன் தலை தெரிந்தால் ரொட்டி மாவு தூவிய பலகையை அவசரமாகத் துடைக்க ஆரம்பித்தாள். கேட்டால், மாவில் புழு என்பாள். நல்ல மாவில் தினமும் எப்படிப் புழு வரும் என்று ஜஸ்டஸ் யோசித்தார். அதற்கும் தேதி போட்டு வைத்தார்.

புத்தகத்தைச் சோதிப்பதற்கு அவளிடம் ஒரு முறை உண்டு. திறந்து கட்டைவிரலால் பக்கத்தைத் தேய்ப்பாள். பிறகு மோந்து பார்ப்பாள். லண்டன் புத்தகத்தைத் தேய்த்தாள், மோந்தாள், அண்ணன் மடியில் போட்டாள்.

"மை மணக்குதுங்க, சமையலு மணக்கல. சமைச்சுப் பாத்த புக்குன்னா நெய்க்கறை இருக்கோணும். இதை எழுதுன அம்மாவே இதைப் பாத்துச் சமைச்சதில்ல."

"இதுல உள்ள எல்லாச் சாமானும் உங்க தெருமுனைக் கடையிலயே கிடைக்கும்னு முதல் பக்கத்துல போட்டிருக்குது."

"எந்தத் தெருங்க?"

ஜஸ்டஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தார். தேயிலை, அதற்கு மேல் தேயிலை, அதற்கும் மேல் மூடுபனி. தெரு இல்லை.

சனிக்கிழமை இருவரும் குன்னூர் மார்க்கெட்டுக்குப் போய் அப்துல் கஃபாரின் காய்கறிக் கடை முன்னால் நின்றார்கள். ஜஸ்டஸ் பட்டியலை வாசித்தார். டர்னிப், லீக்ஸ், செலரி என்றபோது கஃபார் மூட்டைகளைத் தட்டித் தட்டிக் காட்டினார். ஊட்டி மலையில் விளையாத இங்கிலீஷ் காய் ஏது? பிறகு சீமைக் கொட்டைகள் வந்தன. கஃபார் காதைச் சொறிந்தார்.

"அப்பறம், கறி மாதிரியே ருசிக்கிற கொட்டை உருண்டை, டப்பால அடைச்சது," என்றார் ஜஸ்டஸ்.

"ஏனுங்க யூனிஸக்கா, கறி வேண்டாம்னுதானே உங்க துரைசாணி சொன்னாங்க?"

"ஆமாங்க பாய்."

"அப்ப எதுக்குங்க கறி மாதிரி?"

"உட்டுட்டாங்க, மறக்க முடியலீங்க."

"அப்படிப் போடுங்க. அதா, நாலாவது கடை எங்க மச்சானோடது. கறி மாதிரியே ருசிக்கிற கறி அங்க இருக்குது, டப்பாகூட வேண்டியதில்ல."

சென்னைப் புத்தகம் நம் நாட்டுச் சமையலறைக்கென்றே ஒரு அதிகாரியின் மனைவி எழுதியது. வாழைப்பூ, முருங்கைக்காய், பச்சை மாங்காய். கஃபார் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இது கீழ்நாட்டு புக்குங்க. வாழைப்பூ ரயிலேறி மேல வரோணும். மழையில பாதை சரிஞ்சுச்சுன்னா அது மேட்டுப்பாளையத்துலயே கெடந்து காயாயிரும்."

திரும்பி வரும் வழியில் யூனிஸ் ஒன்றே ஒன்று கேட்டாள். "அவரைக்கொட்டை எவ்வளவு நேரம் வேகணும்னு போட்டிருக்குதுங்கண்ணா?"

"லண்டன் புக்குல ஒரு மணி நேரம். இன்னொண்ணுலயும் அதேதான்."

அவள் நடுப்பாதையில் நின்றுவிட்டாள். இந்த உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், சூடு மட்டும் போதாது. எவ்வளவு கொதித்தாலும் கொட்டை கல்லாகவே கிடக்கும். முந்தின சாயங்காலமே ஊறப் போட்டு, ஒரு சிட்டிகை சோடா உப்புச் சேர்த்து, மூடிமேல் அம்மிக்குழவியைப் பாரம் ஏற்றினால்தான் வழிக்கு வரும்.

"சாமானு கெடைக்கிறது இருக்கட்டும். இந்தப் புக்குலயெல்லாம் மலையே இல்லீங்களே" என்றாள்.

ஏலத்துப் பழைய புத்தகத்தில்தான் கறை இருந்தது. கடைசிப் பக்கங்கள் நெய்யில் ஊறி, விளக்கில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்தது. யூனிஸ் அதைத் தூக்கிக்கொண்டு அண்ணனோடு வராந்தாவுக்குப் போனாள். "அம்மா, இதாங்க. பொழங்குன புக்கு." துரைசாணிக்குச் சந்தோஷம். அதிகக் கறை உள்ள பக்கத்தைச் சத்தமாக வாசிக்கும்படி ஜஸ்டஸிடம் சொன்னார். ஜஸ்டஸ் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி இங்கிலீஷில் வாசித்தார். அது பின்னிணைப்பு. மரக்கறிக்கு இணங்காத கணவன்மார்களுக்காக: ஆட்டு விலாக் கறி, வெண்ணெயில் வறுத்தது.

 வராந்தா மூலையில் துரையின் செய்தித்தாள் குலுங்கியது. "அதையே வைத்துக்கொள்ளலாமே" என்றார், தாளுக்குப் பின்னாலிருந்து.

மறுநாள் துரைசாணி புது முடிவோடு வந்தார். புத்தகத்தை அவரே எழுதுவார். யூனிஸ் சொல்லச் சொல்ல ஜஸ்டஸ் இங்கிலீஷில் சொல்ல வேண்டும், அவர் டைப் அடிப்பார். மூன்று வாரத்தில் இருபத்து மூன்று பதார்த்தம் ஆயிற்று.

மலைமேல் பங்களா அடுப்படிகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. யார் கேட்டாலும் செய்முறையை முழுதாகச் சொல்வதில்லை, ஒன்றை விட்டுவிட்டுத்தான் சொல்வது. விட்டது சமையல்காரரிடம் இருக்கிறவரை வேலையும் அவரிடம் இருக்கும். யூனிஸ் இருபத்து மூன்றிலும் ஒவ்வொன்றை விட்டாள். மாவுக்குள் பொதிந்து சுடுகிற அவரைக்கொட்டைப் 'பை' என்ற இங்கிலீஷ் பண்டத்தில் ஊறலையும் சோடா உப்பையும் குழவியையும் சேர்த்தே விட்டாள்.

ஜஸ்டஸுக்கு இது தேதி போடாத கடிதம் போல உறுத்தியது. "அரைகுறையா எழுதிக் குடுக்கறது எனக்குப் புடிக்கல அம்மிணி."

"முழுசாக் குடுத்துட்டா அப்பறம் நான் எதுக்குங்கண்ணா?"

துரைசாணிக்கும் அதே கணக்குத்தான் போலிருக்கிறது. கடைசிப் பக்கத்தை டைப் அடித்ததும், அட்டையில் தன் பெயரைப் போட்டு, பெங்களூருக்குத் தந்தி அடித்தார். வேலாமணி என்ற அந்தச் சமையல்காரர் தலைப்பாகையோடு வந்து இறங்கினார். யூனிஸ் பாத்திரம் கழுவலாம் என்று உத்தரவாயிற்று. இடுப்பிலிருந்து ஸ்டோர் ரூம் சாவியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு அவள் கையை நீட்டிப் பார்த்தாள். சுண்டுவிரல் மடங்கியது. பட்லர் சுடலைமுத்து கேட்காமலே உள்ளே வந்து இரண்டு முறை சுற்றிவிட்டுப் போனார். இன்னொரு விரலும் போயிற்று.

குன்னூரிலிருந்து ஆறு துரைசாணிகள் பகல் விருந்துக்கு வந்தார்கள். வேலாமணி நல்ல மனிதர், நல்ல கை. புத்தகத்தை எதிரே சாய்த்து வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, எழுத்துப் பிசகாமல் செய்தார். நடுவில் அவரைக்கொட்டைப் பை வைக்கப்பட்டது. முதல் விருந்தாளி முள்கரண்டியால் குத்தினார். கொட்டை நழுவிப் பறந்து சூப்புப் பாத்திரத்தின் மூடியில் 'டங்' என்று பட்டது. இரண்டாவது விருந்தாளி கடித்துவிட்டார், கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். துரை அன்றைக்கும் கிளப்பில் கூட்டம் என்று தப்பியிருந்தார்.

துரைசாணி சமையலறைக்குள் வந்தார், பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக. வேலாமணி பக்கத்தை நீட்டினார். "எழுதுனபடிதாங்க செஞ்சேன், நேரங்கூடத் தப்பலீங்க."

துரைசாணி தொட்டியடியில் நின்றவளிடம் திரும்பினார். "யூனிஸ், புத்தகத்திலே என்ன இல்லை?"

"ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு இல்லீங்க அம்மா."

"சொல்லு."

"சொல்றனுங்க. சாவி வரட்டும். அப்பறம், சொன்னது ஆருன்னு அடியில இருக்கோணும்."

மேசையில் ஆறு பேர் காத்திருந்தார்கள். சாவி வந்தது. அதைக் கொண்டுவந்த பட்லர், உள்ளே வரலாமா என்று வாசலில் நின்று கேட்டார். வேலாமணி கரண்டியைத் துடைத்து அவளிடம் நீட்டினார். ரேகை வைப்பதற்காக ஆபீசிலிருந்து மைப்பெட்டியோடு ஜஸ்டஸ் அழைக்கப்பட்டார். அதற்குள் அவள் விருந்தாளிகளுக்கு வெண்ணெயில் உருளைக்கிழங்கை வறுத்து அனுப்பிவிட்டாள். பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் விட்டுப்போனதைச் சொன்னாள். ஜஸ்டஸ் ஓரத்தில் எழுதினார், எழுத எழுத அவருக்கு மூச்சு லேசாயிற்று.

கடைசிப் பக்கத்தில் துரைசாணி மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். யூனிஸ் அதை மூடினாள். அண்ணன் கையிலிருந்து பேனாவை வாங்கி, மாவுப் பலகைக்குக் குனிகிற மாதிரியே குனிந்து, யூ என்று சுழித்தாள். கொஞ்சம் யோசித்து னி. பிறகு ஸ், புள்ளியோடு. மூன்றும் ஒரே அளவில் இல்லை. மாவில் தினமும் வந்த புழு எது என்று ஜஸ்டஸுக்கு அப்போதுதான் விளங்கியது. மை காய்ந்ததா என்று பார்க்க அவள் வெண்ணெய் படிந்த கட்டைவிரலைப் பெயரின்மேல் ஒற்றி எடுத்தாள். தாளில் நெய்க்கறை மெல்லப் பரவியது.

இன்றைக்கும் அவரைக்கொட்டையைப் பொறுக்கும்போது அவள் நான்கை எண்ணிவிட்டு அந்த விரலை அண்ணன் பக்கம் நீட்டுகிறாள். ஜஸ்டஸ் நோட்டைப் பார்ப்பதில்லை.

"1936, நவம்பர் 14, சனிக்கிழமை."