கட்டை துள்ளியதா?

கட்டட மேஸ்திரி பாக்கியநாதனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. இது கட்டுக்கதை என்று சிரிப்பவர்கள், அந்தக் காலுக்கு ஒரு காரணம் சொல்லிவிட்டுச் சிரிக்கட்டும். மனிதர் சேலத்தில்தான் இருக்கிறார், போய்க் கேட்கலாம். நடந்தது நள்ளிரவிலும் இல்லை. பட்டப்பகலில், பன்னிரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு.

ராசிபுரம் சாலையில், பாதிரியாராகப் படிப்பவர்கள் தங்கும் பழைய குருமடத்தைப் பழுதுபார்க்கும் வேலை போன ஆண்டு அவருக்குக் கிடைத்தது. 1931-இல் எழுப்பிய கட்டடம். இரண்டரை அடிச் சுவர். நீளமான சாப்பாட்டு அறை, அதன்மேல் செங்கல்லை வளைத்துக் கட்டிய கூரை. குருமாணவர்கள் வாய் பேசாமல் சாப்பிடும்போது ஒருவர் ஏறி நின்று வாசிக்க, சுவரிலேயே ஒரு சின்ன மேடை. இத்தனையும் கட்டியவர் பாக்கியநாதனின் பூட்டன் ஞானப்பிரகாச மேஸ்திரி. வாசல் கல்லில் பேர் வெட்டியிருக்கிறது. அந்தப் பேரைச் சொல்லித்தான் பாக்கியநாதன் ஊருக்குள் நெஞ்சை நிமிர்த்தி நடப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆயர், அதாவது பிஷப், வந்து கட்டடத்தைச் செபம் சொல்லி மந்திரித்து, அந்தக் கல்லுக்கு மாலை போடுவதாக ஏற்பாடு. அதற்குள் வேலை முடியாவிட்டால் மானம் போய்விடும்.

சாப்பாட்டு அறைக் கூரையில் நடுத்துண்டு மட்டும் ஒழுகியது. அங்கே மட்டும் செங்கல்லின் நிறமும் வேறாக இருந்தது. ஏன் என்று அவர் யோசிக்கவில்லை. அதைப் பிரித்துப் புதிதாக வளைத்து, விழாமல் தாங்கக் கீழே மரங்களால் முட்டுக் கொடுத்து, மேலே சுண்ணாம்புத் தளம் போட்டார். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, ஐந்து பெண்கள் மரக்கட்டையால் நாள் கணக்காகத் தட்டினார்கள். அடித்த கட்டை துள்ளி எழும்பினால்தான் தளம் இறுகியதாக அர்த்தம். அதற்கு முன்னால் கீழே உள்ள முட்டுகளைப் பிரிக்கக் கூடாது.

வியாழக்கிழமை. நண்பகல் மூவேளைச் செப மணி அடித்து ஓய்ந்தது. எல்லோரும் சாப்பிடப் போனார்கள். பன்னிரண்டு ஐந்துக்கு மேலே சத்தம்.

டக்... டக்... டக்...

பரவாயில்லையே, சோற்றைக்கூட மறந்து வேலை செய்கிறார்களே என்று பாக்கியநாதன் சந்தோஷப்பட்டார். தொழில்காரர் காது, தானாக எண்ணியது. ஏழு கட்டை. அவரிடம் இருந்ததோ ஐந்து பெண்கள். மேலே ஏறிப் பார்த்தார். ஒருவரும் இல்லை. கட்டைகள் ஐந்தும் சுவரோரம் சாய்ந்திருந்தன. தெளித்த தண்ணீர் மட்டும் ஈரம் காயாமல் இருந்தது.

சாயங்காலம் செல்லாயி வந்து நின்றாள். தட்டுகிற பெண்களில் மூத்தவள்.

"ஏனுங்க, முட்டுகள எப்பங்க பிரிக்கறது?"

"நாளைக்கு."

"கட்டை இன்னும் துள்ளலீங்களே..."

"எனக்குச் சொல்லித் தர்றியா? போய் வேலையப் பாரு."

வெள்ளிக்கிழமை காலை குருமடத்து அதிபர் சாமியார் போனில் கேட்டார், தளம் இறுகிவிட்டதா என்று. "கட்டை துள்ளுதுங்க சாமி" என்றார் பாக்கியநாதன், கூசாமல்.

நண்பகலுக்குள் முட்டுகளைப் பிரித்தாயிற்று. ஒன்று மட்டும் பாக்கி. அதைத் தானே தட்டிவிடலாம் என்று சுத்தியலோடு அறைக்குள் போனார். மணி ஓய்ந்தது. பன்னிரண்டு ஐந்து.

டக்... டக்...

இன்று சத்தம் அவர் தலைக்கு நேர் மேலே.

நாலடி தள்ளி நின்றார். சத்தமும் நாலடி தள்ளி வந்தது. கதவுப் பக்கம் போனார். கதவுக்கு மேலே தட்டியது. திரும்பி நடுவுக்கு வந்தார்.

நின்றுவிட்டது.

முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் குரல். மரியாதையான குரல்.

"கட்டை துள்ளுச்சுங்களா, மேஸ்திரி?"

செல்லாயிதான் என்று நினைத்தார். எரிச்சல். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"துள்ளிருச்சு, போ!"

முட்டின்மேல் ஓங்கி அடித்தார். அப்போதுதான் ஜன்னல் கண்ணில் பட்டது.

வெளியே வேப்பமரம்.

அடியில் ஐந்து பெண்கள். சாப்பிட்டுக்கொண்டு. செல்லாயியும்.

முதுகுக்குப் பின்னால்... மூச்சு.

மேலே ஏழு கட்டைகளும் ஒரே நேரத்தில்...

டொம்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது, கூரையின் நடுத்துண்டு விழுந்து நசுங்கிய கால் இல்லை. ஒரு வாரம் கழித்து அதிபர் சாமியார் பழைய நாட்குறிப்பு ஒன்றைக் கொண்டுவந்து படித்துக் காட்டினார். 1931-இல் இருந்த அதிபர் எழுதியது.

"ஆயர் வருகைக்காக இன்று முட்டுகளைப் பிரித்தார்கள். மூவேளைச் செபம் முடிந்து ஐந்து நிமிடத்தில் கூரையின் நடுப்பகுதி விழுந்தது. மேலே தளம் தட்டிக்கொண்டிருந்த கூலிப் பெண்கள் எழுவரும் மாண்டனர். காலையில் மேஸ்திரியைக் கேட்டிருந்தேன். கட்டை துள்ளியது என்றார். இப்போது, பெண்கள் சரியாகத் தட்டவில்லை என்கிறார்."

ஏழு பேரில் ஒருத்தியின் பேர்கூட அதில் இல்லை.

அன்று மதியம் செல்லாயி போன் செய்தாள்.

"ஏனுங்க... வாசக் கல்லுல உங்க பூட்டனார் பேரக் காணமுங்க. காலைல இருந்துச்சு. இப்ப கட்டையால தட்டித் தட்டி மழுக்குனாப்பல இருக்குதுங்க."

பாக்கியநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு பத்து.

"ஆரு தட்டுனா?"

"ஆரும் இல்லீங்க. கல்லு மட்டும் ஈரமா இருக்குது. கடுக்காத் தண்ணி வாசம் அடிக்குதுங்க."