பத்துப் பேர் மேசையில் ஒருவர்

லண்டன் ஹரோவில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவரை மறுபடி கண்டேன். முன்பு எங்கள் கவுன்சிலர். கடைகள், வீடுகள் என்று பெரிய வியாபாரமும் இருந்தது. எங்கள் ஆட்களிடம் முதலீடு வாங்கி ஏமாற்றி, சிறைக்குப் போய் வந்தவர். என் தங்கையின் சேமிப்பும் அதில் போனது. "நம்பிக் கொடு" என்று அவளிடம் சொன்னவன் நான்தான்.

தலைக்கு மை, மடிப்புக் கலையாத கோட்டு, காண்பவர்க்கெல்லாம் ஒரு கும்பிடு. எல்லாம் அப்படியே இருந்தன. அவர் வந்து உட்கார்ந்ததும் அந்தப் பத்துப் பேர் மேசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். என் இடமும் அங்கேதான். தயங்கி நின்றேன்.

"வாங்கோ மாஸ்டர், பத்துப் பேரின்ரை வடையையும் தனியச் சாப்பிட எனக்கு ஏலாது" என்று என்னைக் கூப்பிட்டார்.

சிரித்துவிட்டேன். உட்கார்ந்தும்விட்டேன். அடுத்த மேசையிலிருந்து தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எழுந்து நேரே எங்களிடம் வந்து என்னிடம் சொன்னாள்:

"அண்ணை, கொஞ்சம் தள்ளி இருங்கோ. காசுதான் திரும்பி வரேல்லை, வடையாவது வரட்டும்."

சுற்றியிருந்த மேசைகளெல்லாம் சிரித்தன. அவர் மட்டும் சிரிக்கவில்லை. மேடைப் பேச்சில் பழகிய அந்த மனிதர் எழுந்து, வடைத் தட்டை இரண்டு கைகளாலும் அவளிடம் நீட்டினார். அது வெட்கமா, பழகிய நடிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனாலும் அவள் முன்னால் அவராவது எழுந்து நின்றார். நான் உட்கார்ந்தே இருந்தேன்.